கொதிக்க வைத்த போஞ்சிப் போத்தல் பாதுகாப்பானதல்ல

“போஞ்சியையும் கரட்டையும் உப்புநீருடன் போத்தலில் இறுக மூடி, ஒரு மணி நேரம் கொதிநீரில் வைத்தால் ஆறு மாதம் கெடாது” என்ற செய்தி மலையகத் தொலைபேசிகளில் சுற்றி வருகிறது. இது தவறு, உயிருக்கே ஆபத்தானது.

மண்ணில் வாழும் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்திகள் (விதைபோல் உறங்கிக் கிடக்கும் அதன் கடினமான வடிவம்) கொதிநீரில் சாவதில்லை. அவற்றை அழிக்க 116 முதல் 121 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அழுத்தம் கொடுக்காமல் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாது. நுவரெலியாவிலோ, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், அது 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகை எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. காற்றுப் புகாத போத்தல் அந்த வித்திகளுக்குத் தோதான இடம். அங்கே உருவாகும் நஞ்சு மூச்சுத் தசைகளையே முடக்கும். மணமோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். மூடி உப்பவில்லை என்பதை நம்பி உண்ணாதீர்கள்.

நம் பாட்டிமார் போட்ட தேசிக்காய் ஊறுகாய் வேறு. அதன் புளிப்பு மிகுதி. புளிப்பு கூடக்கூடக் குறையும் பிஎச் என்ற அளவு 4.6க்குக் கீழே இருந்தால் இந்த வித்திகள் முளைப்பதில்லை. போஞ்சியில் அந்தப் புளிப்பு இல்லை.

ஏற்கெனவே அப்படி அடைத்து வைத்திருந்தால், ருசிகூடப் பார்க்காமல் வீசிவிடுங்கள்.