சண்டை அருமை, கதைதான் இழுவை

‘டிராகன் பால்’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரை வைத்து வந்த சண்டை வீடியோ கேம் ‘டிராகன் பால் ஃபைட்டர்ஸீ’. அதைப் பற்றிய விமர்சனக் கட்டுரை ஒன்று, இது அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு மட்டுமான கேம் என்று முடிக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 2018-இல் வெளிவந்த இதை ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனம் உருவாக்கியபோதே, அனிமே பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் ஆடும்படிதான் செய்திருந்தார்கள். ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தாலே ஒரு காம்போ, அதாவது தொடர் அடி, வந்துவிடும். ஆனால் மூன்று பேர் கொண்ட அணியில் யாரை எப்போது உதவிக்குக் கூப்பிடுவது என்பதில்தான் நிஜமான ஆட்டம் இருக்கிறது.

காட்சியமைப்பைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போனது அநியாயம். எல்லாமே 3டி மாடல்கள். ஆனாலும் கை கால் அசைவு வழுக்கிக்கொண்டு போகாமல், கையால் வரைந்த படங்கள் மாதிரி ஒரு நிலையில் நின்று சட்டென்று அடுத்ததற்குத் தாவும். நாமெக் கிரகக் களத்தில் தொடரின் நாயகன் கோகுவை (சூப்பர் சையன் வடிவம்) வைத்து வில்லன் ஃப்ரீஸாவைக் கடைசியாக வலுவான அடியில் வீழ்த்திப் பாருங்கள், தொடரில் அவர்கள் மோதும் காட்சியே அப்படியே விரியும்.

குறை? கதைப் பகுதிதான். அதே குளோன்களோடு (பாத்திரங்களின் நகல்களோடு) திரும்பத் திரும்பச் சண்டை, கொட்டாவி வரும். கோகு மட்டுமே பல வடிவங்களில் வருகிறார், கொஞ்சம் ஓவர். அப்புறம் காம்போக்களின் நீளம். ஒருமுறை சிக்கினால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஆன்லைன் ஆட்டத்துக்கு ரோல்பேக் நெட்கோட் (இணையத் தாமதம் ஆட்டத்தைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பம்) 2024-இல்தான் வந்தது, அதுவும் பிஎஸ்4, ஸ்விட்ச் கேம் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு இல்லை. கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கலாம்.