கமென்ட் எழுதியதற்கு ஏன் சிரித்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி முழுசாக விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் அன்றிரவே வாட்ஸப் குரூப்பில் படித்திருப்பீர்கள். லினக்ஸின் கிராபிக்ஸ் டிரைவர் ஒன்றின் கோடுக்குள் விளக்கக் குறிப்புகளை, அதாவது கமென்ட்களை, சேர்க்கும் தன் பேட்ச்களை (கோடில் செய்யும் மாற்றங்கள்) ஒரு பெண் காட்டிக்கொண்டிருந்தார். "இதுல கோடு எங்கம்மா இருக்கு? எல்லாம் கமென்ட்தானே" என்று நம் அண்ணன் ஒருவர் கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், குரூப்பில் அதற்குப் போட்ட ஸ்டிக்கர்களைப் பார்த்த பிறகு முடியவில்லை.

சிரித்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண் எடுத்துக்கொண்ட டிரைவரில், அலொகேட்டருக்கு (இடம் ஒதுக்கும் பகுதி) கொடுக்கும் 'சைஸ்' பைட்டிலா, பேஜிலா (பல பைட் சேர்ந்த ஒரு கட்டு)? கோடைத் திறக்காமல் யாராவது சொல்லுங்கள். திறந்து பார்த்தாவது சொல்லுங்கள். இடம் ஒதுக்கும் ஃபங்ஷனை (அந்த வேலையைச் செய்யும் கோடுத் துண்டு) மட்டும் படித்தால் தெரியாது, அதைக் கூப்பிடுகிற இடம் ஒவ்வொன்றையும் தேடிப் போக வேண்டும். அந்தப் பெண் போனார். போய்ப் பார்த்து ஒரு வரியில் எழுதி வைத்தார். நீங்கள் சிரித்தது அந்த வரியைப் பார்த்து.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், கிராபிக்ஸைக் கவனிக்கும் டிஆர்எம் பகுதியில் இருக்கிற அலொகேட்டர்தான் டிஆர்எம்-எம்எம். அது மெமரியைத் தருவதே இல்லை. முகவரியில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் யாருக்கு என்று கணக்கு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணே கூட்டத்தில் சொன்னார்: "அப்பா மணலி யார்டுல டேலி எழுதுவாரு. எந்த ஸ்லாட்டுல எந்த கன்டெய்னர்னு நோட்டுல இருக்கும். பெட்டியைத் தூக்குறது கிரேன்." இந்த அலொகேட்டரை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த நோட்டுக்கு அலகு கிடையாது, அங்கேதான் ஆபத்து. கிராபிக்ஸ் மெமரியை நிர்வகிக்கும் டிடிஎம் பகுதியின் ரேஞ்ச் மேனேஜர் பேஜ் கணக்கில் கொடுக்கிறது. இன்டெல்லின் ஐ915 டிரைவர் பைட் கணக்கில் கொடுக்கிறது. அலொகேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், வெறும் 64 பிட் எண். கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. இப்போது ஒரு ஃபுல் எச்டி திரைக்கு ஃப்ரேம்பஃபர் (திரையில் காட்டும் படத்தை வைக்கும் மெமரி இடம்) கேட்கிறோம். 1920 பெருக்கல் 1080 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 82,94,400 பைட். 4096 பைட் பேஜ் என்றால் சரியாக 2025 பேஜ். பேஜில் கணக்கு வைக்கிற அலொகேட்டருக்குப் பைட் எண்ணைக் கொடுத்தால் இடமில்லை என்று பிழை வரும், அன்றைக்கே பிடித்துவிடலாம். திருப்பிக் கொடுத்தால்தான் பாடு. பைட்டில் வைக்கிற இடத்தில் 2025 என்று கொடுத்தால் அது சந்தோஷமாக 2025 பைட் ஒதுக்கிவிட்டு வெற்றி என்று 0 திருப்பும். அலைன்மென்ட் (தொடங்கும் முகவரி எந்த எண்ணின் மடங்காக இருக்க வேண்டும் என்பது) 4096, கீழிருந்து நிரப்பும் முறை என்றால் அடுத்த பஃபர் 4096-ஆவது பைட்டிலேயே தொடங்கிவிடும். திரையின் ஒரு வரி 7680 பைட். அதாவது முதல் வரி பாதியைத் தாண்டிய இடத்திலேயே இரண்டு பஃபர் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டது. எந்த லாகிலும் எதுவும் இருக்காது. படம் மட்டும் கிழியும். ஹார்டுவேர் கோளாறு என்று போர்டை மாற்றுவார்கள்.

இதைத் தடுப்பது 'சைஸ் பைட்டில், அலைன்மென்ட்டும் பைட்டில்' என்கிற ஒரு வரி. கமென்ட்தானே அது?

"நல்ல கோடுக்கு ஆவணமே தேவையில்லை, கோடே ஆவணம்" என்று குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையாகவே பதில் சொல்கிறேன். கோடு என்ன செய்கிறது என்பதைக் கோடு சொல்லும். கூப்பிடுகிறவன் அதற்கு முன்னால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. டிஆர்எம்-எம்எம்மில் இது மற்ற இடங்களைவிட மோசம், ஏனென்றால் அது தனக்காக மெமரி ஒதுக்கிக்கொள்வதே இல்லை. ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் குறித்துவைக்கும் பதிவான நோடை டிரைவர்தான் தன் ஸ்ட்ரக்சருக்குள் (தரவுத் தொகுப்பு) வைத்துக் கொடுக்க வேண்டும், கொடுக்கும் முன் முழுக்கப் பூஜ்யமாக்கி இருக்க வேண்டும். பூஜ்யமாக்காமல் கொடுத்தால் நல்ல நாளில் ஒன்றும் ஆகாது. இன்செர்ட், அதாவது நோடைச் சேர்ப்பது, வெற்றி பெறும், டெஸ்ட் பாஸாகும். இடம் தீர்ந்து இன்செர்ட் தோற்கும் நாளில் டிரைவரின் எர்ரர் பாதை "இந்த நோடு ஒதுக்கப்பட்டதா?" என்று நோடில் உள்ள கொடியை (ஆம், இல்லை என்று காட்டும் அடையாளம்) பார்க்கும். அங்கே பழைய குப்பை இருந்தால் ஆமாம் என்று தெரியும். உடனே, உள்ளேயே நுழையாத நோடை, அலொகேட்டர் நோடுகளை அடுக்கி வைத்திருக்கும் மர அமைப்பிலிருந்து பிடுங்கப் போகும். லிஸ்ட் அறுந்துவிடும். அது வெடிப்பது வேறெங்கோ, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு ப்ராசஸ் தலையில். ஃபங்ஷனுக்குள் எந்த வரியைப் படித்தால் 'பூஜ்யமாக்கிக் கொடு' என்று தெரியும் அண்ணா? தலைப்புக் கமென்ட்டில் இருப்பதால்தான் நமக்கே தெரியும். யாரோ உட்கார்ந்து எழுதியதால் தெரியும்.

எவிக்ஷன் ஸ்கேனை, அதாவது இடத்துக்காக எந்தப் பஃபரை வெளியேற்றலாம் என்று தேடுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாதபோது பழைய பஃபர்களை ஒவ்வொன்றாக ஸ்கேனில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், போதுமான ஓட்டை கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக ஃபங்ஷனிலிருந்து 'உண்மை' என்ற பதில் திரும்பும் வரைக்கும். பிறகு சேர்த்த எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். சேர்த்ததற்கு நேர் எதிர் வரிசையில். ஒன்றைக்கூட விடக் கூடாது. எடுக்கும்போது எதற்கு உண்மை திரும்புகிறதோ அதை மட்டும் வெளியேற்ற வேண்டும். முதல் நோடைச் சேர்த்ததிலிருந்து கடைசி நோடை எடுக்கும் வரை அந்த அலொகேட்டரில் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் இருவர் கை வைக்காமல் தடுக்கும் பூட்டு அதனிடம் கிடையாது, டிரைவர்தான் போட வேண்டும். வரிசையை மாற்றினால் உள் நிலை கெடும். நாலு விதி, நாலும் கூப்பிடுகிறவன் பொறுப்பு, ஒன்றைக்கூட மொழியின் வகைச் சோதனையான டைப் சிஸ்டம் காப்பாற்றாது. இதைத் தெளிவாக ஒரு பத்தியில் எழுத, எழுதுகிறவர் அந்தக் கோடை முதலில் எழுதியவர் அளவுக்குப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அரைகுறையாகப் புரிந்தும் கோடு எழுதிவிடலாம், டெஸ்டில் தப்பித்துவிடலாம். அரைகுறையாகப் புரிந்து இந்தப் பத்தியை எழுதினால் முதல் ரிவ்யூவிலேயே பல் இளிக்கும்.

ஆவணம் பழசாகிவிடும் என்றால், சரி, ஆகும். கெர்னலில் டபிள்யூ=1 என்று கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும் அமைப்பைப் போட்டு பில்டு செய்தால் பாராமீட்டர் பெயர் விட்டுப்போனதையும் பெயர் மாறியதையும் பிடித்துவிடும், அர்த்தம் மாறியதைப் பிடிக்காது. ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் அந்தப் பெண் மூன்றாவது பேட்சில், பூட்டு பிடித்திருக்க வேண்டும் என்று கமென்ட்டில் எழுதியதோடு நிற்காமல், லாக்டெப் அசெர்ட்டையும் (பூட்டு பிடித்திருக்கிறதா என்று ஓடும்போதே சோதிக்கும் வரி) ஃபங்ஷனின் முதல் வரியில் போட்டிருந்தார். லாக்டெப் இயக்கிய கெர்னலில் பூட்டில்லாமல் கூப்பிட்டால் உடனே கத்தும். "கோடு எங்கம்மா?" என்று கேட்டீர்களே, அங்கேதான் இருந்தது. மூன்றாவது பேட்ச் வரைக்கும் நீங்கள் அவரைப் போக விடவில்லை.

"ஏஐகிட்ட குடுத்தா எழுதித் தரும்" என்று இன்னொருவர். தரும். சைஸ் என்றால் அளவு, அலைன்மென்ட் என்றால் அலைன்மென்ட் என்று அழகான இங்கிலீஷில் தரும். பைட்டா பேஜா என்று உறுதியாகச் சொல்ல ஒருவர் கூப்பிடும் இடங்களைப் பார்த்துச் சரிபார்க்கத்தான் வேண்டும். இதற்குமேல் இந்த வாதத்துக்கு என்னிடம் பொறுமை இல்லை.

பட்டி அலொகேட்டர் (இடத்தை 1, 2, 4, 8 என இரட்டிக்கும் அளவுத் துண்டுகளாகப் பிரித்துத் தருவது) பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண்ணின் அடுத்த வேலை அதுதான். 2022-இல் இன்டெல் டிரைவருக்குள் இருந்ததைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், ஏஎம்டியும் பயன்படுத்துகிறது. 3 ஜிபி விராம் (கிராபிக்ஸ் கார்டின் மெமரி) கொடுத்தால் அது 2 ஜிபி, 1 ஜிபி என இரண்டு வேர்களாகப் பிரித்துக்கொள்ளும். தொடர்ச்சியாக வேண்டும் என்று கொடி போடாமல் 5 பேஜ் கேட்டால் 4 ஒரு துண்டு, 1 ஒரு துண்டு என்று பட்டியலாக வரலாம். பக்கத்து பக்கத்தில் இருக்கும் என்று நினைத்து முதல் முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டால் போச்சு. இதைவிட எனக்குப் பயம் 'துடைத்தாகிவிட்டது' கொடி. விடுவிக்கும்போது டிரைவர் அந்தக் கொடியைப் போட்டால் அலொகேட்டர் அப்படியே நம்பும், போய்ப் பார்க்காது. உண்மையில் துடைக்காமல் கொடியைப் போட்டிருந்தால், துடைத்த பிளாக் கேட்கிற அடுத்த ப்ராசஸுக்கு அப்படியே போகும். ஒருவருடைய திரையில் இருந்தது இன்னொருவர் கைக்கு. 'இது கூப்பிடுகிறவர் தரும் வாக்குறுதி, நாங்கள் சரிபார்ப்பதில்லை' என்று ஒரு வாக்கியம் அங்கே இருக்க வேண்டுமா வேண்டாமா? சொல்லுங்கள்.

எனக்கு வலித்தது தொழில்நுட்பம் மட்டும் இல்லை. ஓஎம்ஆரில் பெரிய கம்பெனியில் சேர்ந்தவனுக்குப் பக்கத்து சீட்டில் சீனியர் இருப்பார், பைட்டா பேஜா என்று திரும்பிக் கேட்டால் பதில் வரும். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில், தம்பி தங்கை தூங்கிய பிறகு பழைய லேப்டாப்பில் கெர்னல் பில்டு போடுகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் கமென்ட் மட்டும்தான். அதை எழுதி வைத்த முகம் தெரியாத யாரோ. அப்படிப் படித்து வந்த ஒருவர், தனக்குக் கிடைக்காத விளக்கத்தை அடுத்து வருகிறவருக்காக எழுதுகிறார். அதை நம் ஏரியாவில், நம் பிள்ளைகளுக்காக என்று சொல்லி நடத்துகிற கூட்டத்தில், நாமே சிரித்தோம். இதை வெளியாள் செய்திருந்தால் நம் குரூப் சும்மா இருந்திருக்குமா? வியாசர்பாடி என்றாலே, காசிமேடு என்றாலே முகம் சுளிப்பவர்களிடம் நாம் காலமெல்லாம் கேட்டுவந்த அதே தொனிதானே அண்ணன் குரலில் இருந்தது?

"நீ ரொம்ப எமோஷனலா எடுத்துக்குற, அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னாரு" என்று போனில் சொன்னார்கள். விளையாட்டு என்றால் அந்தப் பெண்ணும் சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. அண்ணன் கோடு எழுதுவதில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் எழுதிய கோடை அவர் இல்லாமல் யாராலும் தொட முடிவதில்லை என்பதும் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். பேட்ச் வரிசையைக் கைவிடவில்லை. ஃபங்ஷன் எதைத் திருப்பும் என்று சொல்லும் ரிட்டர்ன் பகுதி இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்ததைச் சேர்த்தாகிவிட்டது. ஹெச்டிஎம்எல் டாக்ஸ் பில்டும் எச்சரிக்கை இல்லாமல் முடிகிறது. அலொகேட்டரை மூடும் டேக்டவுன் ஃபங்ஷனுக்கு மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நோடுகள் மிச்சம் இருக்கும்போது அதைக் கூப்பிடுவது பிழை என்று டிஆர்எம்-எம்எம்மிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இந்த டிரைவரில் கணினியைத் தொடக்கி வைக்கும் ஃபர்ம்வேர் முன்பே வைத்துவிட்டுப் போன ஃப்ரேம்பஃபருக்கு ரிசர்வ் செய்த நோடை யார் எடுப்பது, டிரைவரை அகற்றும் அன்லோடு பாதையா, டிஸ்ப்ளே பகுதியா என்பது கோடில் தெளிவாக இல்லை. சிரித்தவர்களில் யாருக்காவது தெரிந்தால், இரண்டாவது பதிப்பு மெயிலிங் லிஸ்ட்டுக்குப் போவதற்குள் அவருக்கு எழுதுங்கள்.