மிளகாய்த்தூள் கடை மாடியில் ஒரு அதிபர்

நியூயார்க் லெக்ஸிங்டன் அவென்யூ, கதவு எண் 123. கலுஸ்தியான்ஸ் மளிகைக்கடை. பெருங்காயமும் கறிவேப்பிலையும் தேடி நம்மவர்கள் பலர் ஏறி இறங்கிய படி அது. அந்த வீட்டில்தான் 1881 செப்டம்பர் 20, பின்னிரவு இரண்டேகால் மணிக்கு செஸ்டர் ஆர்தர் அமெரிக்காவின் 21ஆவது அதிபராகப் பதவியேற்றார். நாலைந்து முறை அங்கே சாமான் வாங்கிய பிறகுதான் எனக்கே இது தெரியும்.

அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை. காரணம், ஆள் அப்படி. நியூயார்க் குடியரசுக் கட்சித் தலைவர் ராஸ்கோ கான்க்லிங்கின் அடிப்பொடி. 1871 முதல் நியூயார்க் சுங்கத்துறையின் தலைமைப் பதவி. நாட்டின் சுங்க வருமானத்தில் பெரும்பகுதி வந்து விழுகிற இடம். வேலை வேண்டுமென்றால் கட்சிக்காரன் சிபாரிசு வேண்டும். வேலை கிடைத்த பிறகு, சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். இதைப் பார்த்துத்தான் அதிபர் ஹேய்ஸ் 1878இல் அவரைத் தூக்கினார். இரண்டே வருஷத்தில் கார்ஃபீல்டோடு துணை அதிபர் வேட்பாளர்! ஜெயித்தும் விட்டார்கள்.

பிறகு, வேலை கேட்டு அலைந்து ஏமாந்த கிட்டோ என்பவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். சுட்ட கையோடு "இனி ஆர்தர்தான் அதிபர்" என்று கத்தினான். ஆர்தர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஊர் முழுக்கச் சந்தேகம்.

அந்த நேரத்தில் ஜூலியா சாண்ட் என்ற முன்பின் தெரியாத பெண் கடிதம் எழுதுகிறார். வயது முப்பதைச் சற்றே தாண்டியவர், நோயாளி. ஜனங்கள் அழுவது கார்ஃபீல்ட் சாகிறாரே என்பதற்காக அல்ல, அடுத்து நீங்கள் வருகிறீர்களே என்பதற்காகத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். திருந்துங்கள் என்கிறார். மொத்தம் 23 கடிதங்கள்.

1883 ஜனவரியில் ஆர்தர் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு வேலைக்குத் தேர்வு, கட்டாய வசூலுக்குத் தடை. முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான். ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

"கடிதம் படித்தார், திருந்தினார்" என்று இதைக் கதையாகச் சொல்கிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1882 தேர்தலில் கட்சி வாங்கிய அடியும் காரணம். அதே வருஷம் சீனத் தொழிலாளர் நுழைய 20 ஆண்டுத் தடை கேட்ட மசோதாவைத் திருப்பி அனுப்பியவர், பத்தாண்டு என்று குறைத்ததும் கையெழுத்துப் போட்டார். அதற்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1854இல் டிராம் வண்டியிலிருந்து நெட்டித் தள்ளப்பட்ட எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்காக வாதாடி, அடுத்த ஆண்டே ஜெயித்துக் கொடுத்த இளம் வக்கீல் யார்? இதே ஆர்தர்தான். அந்த மனுஷன் உள்ளே எங்கேயோ கிடந்திருக்கிறான் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால், ஒரு அதிபர் 1882 ஆகஸ்டில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடிதம் எழுதிய ஜூலியா சாண்ட் வீட்டு வாசலில் போய் இறங்குவாரா?

சிறுநீரக நோயை வெளியே சொல்லாமலே ஆட்சி நடத்தியவர், பதவி இறங்கி இரண்டாவது வருஷம், 1886 நவம்பரில் போய்ச் சேர்ந்தார். சாவதற்கு முந்தைய நாட்களில் தன் காகிதங்களைக் கட்டுக்கட்டாக எரிக்கச் சொன்னார். சுங்கத்துறைக் காலத்து ரகசியங்கள் எத்தனை போயினவோ. அவரைத் திட்டி வந்த அந்த 23 கடிதங்கள் மட்டும் நெருப்புக்குப் போகவில்லை.