ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் பிடித்த சார்ஜ்

போருக்கு முந்தைய பிரிட்டனில் வானொலி என்றதும் எல்லாரும் பகிர்வது ஒரே படம்தான். கணப்படுப்பு, நாற்காலியில் அப்பா, பின்னல் ஊசியோடு அம்மா, தரையில் பிள்ளைகள், மூலையில் நாள் முழுக்கப் பாடும் பெட்டி. அதில் அந்த "நாள் முழுக்க" மட்டும் பொய். பெட்டி எப்போது பாடலாம் என்பதை முடிவு செய்தது நிலையத்தின் நேர அட்டவணை மட்டுமல்ல. அலமாரிக்கு அடியில் இருந்த ஒரு கண்ணாடி ஜாடி அமிலமும்தான்.

கணக்குப் போட்டால் புரியும். 1930களில் மின் இணைப்பு இல்லாத வீடுகள் அங்கே ஏராளம். அந்த வீட்டுப் பெட்டிக்கு மூன்று பேட்டரி தேவை: வால்வுகளின் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்கள்) இழையைச் சூடாக்க 2 வோல்ட் அமில பேட்டரி (அந்தக் கண்ணாடி ஜாடி இதுதான்), உயர் மின்னழுத்தத்துக்கு 120 வோல்ட் உலர் பேட்டரி, கிரிட் பயாஸுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்க) 9 வோல்ட் சின்ன பேட்டரி. சாதாரண மூன்று வால்வுப் பெட்டியில் முதல் இரண்டு வால்வும் தலைக்கு 0.1 ஆம்பியர் இழுக்கும், கடைசி வால்வு 0.2. மொத்தம் 0.4. ஜாடி 20 ஆம்பியர்-மணி என்றால் 50 மணி நேரம் வரும். தினம் ஏழு மணி நேரம் கேட்டால் ஒரே வாரத்தில் காலி. அதுவும் புது ஜாடிக்குத்தான். தகடு தேய்ந்த பழசுக்கு இதில் பாதி கிடைத்தால் பெரிய விஷயம்.

அதனால் வீட்டுக்கு இரண்டு ஜாடி இருக்கும். ஒன்று பெட்டியில், மற்றது சைக்கிள் கடையிலோ வானொலிக் கடையிலோ சார்ஜில். தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் பிள்ளைகள். அமிலம் சிந்தினால் கால்சட்டையில் ஓட்டை. மின்னழுத்தம் 1.8 வோல்டுக்குக் கீழே இறங்கினால் இழை போதிய அளவு சூடாகாது. குரல் மெலிந்து கரகரக்கும். காலியான ஜாடியை அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் வெள்ளைப் படிவம் கட்டும், பிறகு சார்ஜே ஏறாது. 120 வோல்ட் பேட்டரி கிழடானால் வேறு மாதிரி வியாதி: உள்தடை கூடிப்போய், மோட்டார் படகு போல ஒலிபெருக்கி பட்பட்டென்று அடிக்கும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரிட் பயாஸ் செருகியைப் பிடுங்குவது இதையெல்லாம் விட மோசம். கடைசி வால்வில் மின்னோட்டம் எகிறி, வால்வும் போகும், பேட்டரியும் போகும்.

இப்படிப்பட்ட வீடு காலை 10.15 வழிபாட்டிலிருந்து நள்ளிரவு வரை கேட்குமா? பொறுக்கி எடுத்துத்தான் கேட்டிருக்கும். பி.பி.சி. தலைவர் ஜான் ரீத்தின் ஆசையும் அதுவே. குழாயைத் திறந்துவிட்டதுபோல் வானொலியை ஓடவிடக் கூடாது, தேர்ந்து கேட்க வேண்டும் என்று, பல நிகழ்ச்சிகளுக்கு வாரந்தோறும் ஒரே நேரம் ஒதுக்காமலேயே வைத்திருந்தார்கள். நிகழ்ச்சிகளுக்கு நடுவே வேண்டுமென்றே மௌனமும் விடுவார்கள். நிலையம் செத்துவிடவில்லை என்று காட்ட ஒரு கடிகார டிக் டிக், அல்லது லண்டனின் 'போ' (Bow) தேவாலய மணி. பேட்டரிக்காரருக்கு அந்த மௌனமும் செலவுக் கணக்குத்தான்.

வாரநாள் மாலையில் பி.பி.சி.யைக் குறை சொல்ல மாட்டேன். 1932 முதல் ஹென்றி ஹாலின் நடன இசைக்குழு. 1936 முதல் செயின்ட் ஜார்ஜ் அரங்கின் தியேட்டர் ஆர்கனில் ரெஜினால்ட் ஃபூர்ட். சனிக்கிழமை 'இன் டவுன் டுநைட்' பேட்டி நிகழ்ச்சி. இரவு பத்தரைக்கு மேல் லண்டன் ஹோட்டல்களிலிருந்து நேரடி நடன இசை. மேஃபேர் ஹோட்டலில் ஆம்ப்ரோஸ் குழு வாசித்ததை வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி தன் அடுப்பங்கரையில் கேட்டார். 1938 ஜனவரியில் ஆர்தர் ஆஸ்கியின் 'பேண்ட் வேகன்' நகைச்சுவை நிகழ்ச்சி வந்தபோது வாராவாரம் ஒரே நேரத்தில் காத்திருக்கும் பழக்கமும் வந்துவிட்டது. ரீத்தின் கொள்கையில் முதல் பெரிய விரிசல் அது.

ஞாயிறு மட்டும் எனக்கு ஆறவே ஆறாது. குடும்பம் முழுக்க வீட்டில் இருக்கும் ஒரே நாள். பல ஆண்டுகள் பகல் 12.30 வரை ஒலிபரப்பே இல்லை. அதற்குப் பிறகும் பிரசங்கம், உரை, கனமான இசை. நடன இசை கிடையாது, நகைச்சுவை கிடையாது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பினார்கள்.

தென் இங்கிலாந்துக்காரருக்கு பிரான்சின் ஃபெகாம்ப் நகரிலிருந்து ரேடியோ நார்மண்டி. நாடு முழுக்க, 1933 முதல், ரேடியோ லக்ஸம்பர்க். ஹார்லிக்ஸும் ஓவல்டினும் (ஆம், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே டப்பாக்கள்தான்) ஞாயிறு மாலைகளை விலைக்கு வாங்கின. ஐந்தரைக்கு ஓவல்டினிகள்: பிள்ளைகளுக்கு உறுப்பினர் பேட்ஜ், ரகசியச் சங்கேத எழுத்து. நேரடியாக அனுப்பத் தொலைபேசிக் கம்பி தர அஞ்சல் துறை மறுத்ததால், லண்டனிலேயே பதிவு செய்து கடல் தாண்டி அனுப்பினார்கள்.

லக்ஸம்பர்க்கைப் பிடிப்பது சும்மா இல்லை. நெட்டலையில் அது 1293 மீட்டர், பி.பி.சி.யின் டிராய்ட்விச் ஒலிபரப்பு நிலையம் 1500 மீட்டர். அதிர்வெண்ணில் பார்த்தால் 32 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. நிலையங்களைப் பிரித்தெடுக்க ஒற்றைச் சுற்று மட்டுமே கொண்ட மலிவுப் பெட்டியில், 150 கிலோவாட் டிராய்ட்விச்சின் பிரசங்கம் நடனப் பாட்டின் மேல் ஏறி உட்காரும். இதற்கு மூன்று வைத்தியம். வானொலி உரிமம் அனுமதித்த 100 அடி ஏரியலைக் குறைப்பது. ஏரியல் கம்பிக்கு நடுவே 0.0001 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்ப்பது. அதற்கும் மசியாவிட்டால், ஒரு சுருளும் மின்தேக்கியும் கொண்ட அலைப்பொறியை ஏரியலில் மாட்டி, டிராய்ட்விச் அடங்கும்வரை திருகுவது. பிறகு ரியாக்‌ஷன் குமிழை (வந்த சிக்னலைத் திரும்ப ஊட்டிப் பெருக்குவது) மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் பெட்டியே அலைபரப்பியாகி ஊளையிடும். பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டியும் சேர்ந்து ஊளையிடும். இந்தத் தொல்லைக்கு எதிராக பி.பி.சி. பிரசாரமே செய்தது.

லக்ஸம்பர்க்கின் பலம் எப்படி என்றால், 1933இல் நெதர்லாந்தில் சுவிஸ் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்ட டெலெகன் என்ற பொறியாளருக்கு, அதன் பின்னணியில் லக்ஸம்பர்க்கின் ஒலி கேட்டது. மேல்வளிமண்டலத்தில் ஓர் அலை இன்னொன்றைப் பாதிப்பதற்கு அதனால்தான் லக்ஸம்பர்க் விளைவு என்று பெயர்.

ஆக, வாரம் முழுக்க மிச்சம் பிடித்த சார்ஜை மக்கள் ஞாயிறன்று வெளிநாட்டு விளம்பரப் பாட்டுக்குச் செலவழித்தார்கள். ரசனையை உயர்த்தப் போட்ட தடை, கேட்பவரைக் கையைப் பிடித்துப் போட்டியாளரிடம் கொண்டுபோய் விட்டது. ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த காரியம் இது.

ரீத் 1938இல் விலகினார். 1939 செப்டம்பரில் போர் வந்தது. அந்த மாதமே லக்ஸம்பர்க் அடங்கியது. 1940 தொடக்கத்தில் பிரான்சில் இருந்த படையினருக்காக பி.பி.சி. தனி அலைவரிசை தொடங்கியது. அதில் ஞாயிறன்றும் நடன இசை, ஞாயிறன்றும் நகைச்சுவை. ஊரில் இருந்தவர்களும் அதைத்தான் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.