தடவுறது வேற, ஊசி வேற

நேத்துல இருந்து எல்லாரும் ஷேர் பண்றீங்களே அந்த "ஊசி இல்லாத போட்டாக்ஸ்" வீடியோ, ஒரு சீரத்தை முகத்துல தடவினாலே போட்டாக்ஸ் (தசையைத் தளர்த்தி சுருக்கத்தைக் குறைக்கற ஊசி) மாதிரி வேலை செய்யும்னு சொல்றாங்களே, அதைப் பத்திப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன், முடியல. கமெண்ட்ல ஒரு கேள்வி கேட்டதுக்கு "பொறாமை"ன்னு நாலு பேர் வந்துட்டாங்க.

அவங்க காட்டின சீரத்துல இருக்கறது ஆர்ஜிரலைன், ஆறு அமினோ அமிலத்தைக் கோத்து லேப்ல செய்ற பெப்டைட், அதாவது குட்டிப் புரதச் சங்கிலி. நரம்புல இருந்து தசைக்கு சிக்னல் போக ஸ்னாப்-25னு ஒரு புரதம் வேணும். போட்டாக்ஸ் அதை வெட்டிடும். ஆர்ஜிரலைன் அந்தப் புரதத்தோட ஒரு துண்டு மாதிரி இருந்து நடுவுல புகுந்து தடுக்கப் பாக்குது. யோசனை நல்ல யோசனைதான். ஆனா போட்டாக்ஸ் ஊசில நேரா தசைக்கே போகுது, இதை நாம தோல் மேல தடவுறோம். ஒரு மூலக்கூறோட எடை 500 டால்டனுக்கு மேல இருந்தா தோலோட மேல் அடுக்கைத் தாண்டறதே கஷ்டம்னு 2000லயே எழுதிட்டாங்க, ஆர்ஜிரலைன் கிட்டத்தட்ட 890. தடவுறது வேற, ஊசி வேற.

"அப்ப பெப்டைடே ஃப்ராடா?"ன்னு கேப்பீங்க. நான் அப்படிச் சொல்லவே இல்ல. க்ரீம்கள்ல மேட்ரிக்ஸில்ங்கற பேர்ல வர்ற இன்னொரு பெப்டைடை 2005ல 93 பெண்களுக்கு 12 வாரம் போட்டுப் பாத்ததுல சுருக்கம் கொஞ்சம் குறைஞ்சுது, க்ரீம் விக்கறவங்களே செஞ்ச ஆய்வுன்னாலும் நான் ஒத்துக்கறேன். கொஞ்சம்னா கொஞ்சம்னு சொல்லி வில்லுங்க. "எனக்கு வேலை செஞ்சுது"ன்னா சந்தோஷம், போடுங்க.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா எங்க அக்கா. ஸ்கூல் டீச்சர். தி.நகர்ல ஒரு கடைல சேல்ஸ் பொண்ணு இவ முகத்தைக் கண்ணாடி பக்கம் திருப்பி "இப்பவே பாக்கலன்னா அப்புறம் ஊசிதான் மேம்"னு சொல்லிருக்கா. சீட்டுக்கு எடுத்து வச்ச காசுல அந்த மாதிரி சீரம் ஒண்ணை வாங்கிட்டு வந்தா. ஏன்டின்னு கேட்டா பதிலே சொல்லாம உள்ள போய்ட்டா. மெட்ராஸ் வெயில்ல தினம் ஸ்கூட்டில போறவகிட்ட ஒருத்தர் கூட சன்ஸ்க்ரீன் பத்திப் பேசல. ஆஸ்திரேலியால நாலரை வருஷம் தினமும் சன்ஸ்க்ரீன் போட வச்சுப் பாத்தாங்க, இஷ்டத்துக்குப் போட்டவங்களை விட தோல் மூப்பு 24% கம்மி, 2013ல வந்த ஆய்வு. அதை விட்டுட்டு, தசைக்கே போகாத ஒண்ணை போட்டாக்ஸ்னு பேர் வச்சு, பயமுறுத்தி விக்கறீங்க.

முப்பது வருஷமா போர்டு முன்னாடி நின்னு கத்துனவ நெத்தில கோடு விழத்தான் செய்யும். அது ஒரு குறைன்னு அவளை நம்ப வைக்க நீங்க யாரு?