லினக்ஸ் அழுத்தச் சோதனைகள் குறித்து ஒரு திருத்தம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைக் கடும் சுமையில் சோதிக்கும் நிரல்கள் ஒரே நிறுவனத்தின் கைவசம் இருப்பதாகவும், வெளியாட்கள் அவற்றைப் பார்க்கவோ இயக்கவோ முடியாது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலர் பகிர்ந்தும் வருகிறார்கள். உண்மை நிலை அதுவன்று.

எஸ்ஜிஐ நிறுவனம் தொடங்கிய 'லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட்' என்ற பொதுச் சோதனைத் தொகுப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. ஐபிஎம், புஜிட்சு, சூசே, ரெட் ஹாட், ஆரக்கிள் எனச் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே மூலநிரல் களஞ்சியத்தில் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். ஒருவர் கண்டுபிடித்த பிழைக்கான சோதனை மற்ற எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, என் பார்வையில், போற்றிக் காக்க வேண்டிய ஒன்று. மூலநிரல், யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகிறது.

இதை யாரும் சரிபார்க்கலாம். மூலநிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் பெயரைத் தேடி, களஞ்சியத்தை உங்கள் கணினிக்கு நகலெடுத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கிட் பதிவேட்டில் அவற்றைச் செய்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைப் பாருங்கள். அவை எத்தனை வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவை என்பது அங்கேயே தெரியும். சிஸ்டம் கால்களுக்கான (நிரல்கள் கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்புகளுக்கான) சோதனைகள், 'டெஸ்ட்கேசஸ்' அடைவுக்குள் 'கெர்னல்' என்ற உட்பிரிவில், வெளிப்படையாகவே உள்ளன.

இயக்கிப் பார்க்க விரும்புவோர் மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் தனிக் கணினியில்) மட்டும் இயக்கவும். சில சோதனைகள் வட்டையும் நினைவகத்தையும் திணறடிக்கும்படியே எழுதப்பட்டவை என்பதால், அன்றாடப் பணி நடக்கும் கணினியில் அவற்றை இயக்க வேண்டாம்.