டவர் வேண்டாம் என்று மனு கொடுப்பதற்கு முன்னால்

கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தெருவில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் வரப்போகிறது என்று தெரிந்ததில் இருந்து வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. கேன்சர் வரும், கரு கலையும், பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி போய்விடும், சிட்டுக்குருவி செத்துவிடும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனுவும் தயார். கையெழுத்துக்காக என்னிடம் வந்தபோது முழுசாகப் படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே கதிர்வீச்சு, கேன்சர். கடைசியில் போகிற போக்கில் "ஜெனரேட்டர் சத்தமும் தொந்தரவாக இருக்கும்" என்று ஒரு வரி. என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் மனுவாக இருந்திருக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், திட்டுவதாக இருந்தாலும் படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் கேன்சர். 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை "2பி" என்ற பட்டியலில் சேர்த்தது. "புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது" என்பது அந்தப் பட்டியல். நம் குழுவில் சுற்றுகிற எல்லா ஃபார்வர்டுக்கும் மூலம் இதுதான். ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்த்தது மணிக்கணக்கில் போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர்களை, டவருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை அல்ல. டவரைப் பற்றித் தனியாகவும் ஆய்வு நடந்திருக்கிறது. 2010-ல் பிரிட்டனில், 4 வயது வரையிலான பிள்ளைகளில் கேன்சர் வந்த 1,397 பேரை எடுத்துக்கொண்டு, அம்மா கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் டவர் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நோய் வராத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை.

2018-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆண் எலிகளுக்கு இதயத்தில் கட்டி வந்தது உண்மைதான். ஆனால் அந்த எலிகளுக்கு உடம்பு முழுக்க, ஒரு நாளைக்கு 9 மணி நேரம், நமக்குத் தெருவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக அலையைச் செலுத்தினார்கள். அலை படாத எலிகளைவிட அந்த ஆண் எலிகள் அதிக நாள் உயிரோடும் இருந்தன. இதை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

டவர் எப்படி வேலை செய்கிறது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. நீளமாகப் பெட்டி மாதிரித் தொங்குகிறதே ஆன்டெனா, அது அலையை முன்பக்கமாக, கொஞ்சம் கீழே சாய்த்து அனுப்புகிறது. பாண்டிச்சேரி கலங்கரை விளக்கின் வெளிச்சம் அதன் காலடியில் நிற்பவர் மேல் விழாமல் கடலுக்குப் போகிற மாதிரி. அதனால் டவருக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுக்கு வருவது குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகிவிடும். நான் போட்ட கணக்கு இது: 20 வாட் அனுப்பும் கருவி, ஆன்டெனா அதை ஒரே திசையில் 50 மடங்கு குவிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நேர் எதிரே 50 மீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 0.03 வாட். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் கொண்டுவந்த வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். சர்வதேச வரம்பில் அது பத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் பயமே வேண்டாமா? அதே கணக்கை 20 மீட்டருக்குப் போட்டால் 0.2 வாட் வருகிறது. ஒரே கம்பத்தில் மூன்று கம்பெனி சேர்ந்து, எல்லா ஆன்டெனாவும் ஒரே பக்கம் பார்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். அதனால்தான், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் வீடு இருந்தால் ஒரு ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் தெருவில் எதிர்வரிசையில் இரண்டாவது மாடி கட்டிக் குடியிருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஆன்டெனா எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து வரப்போகிறது, எங்கள் ஜன்னலுக்கு எத்தனை மீட்டர்? இதை மனுவில் யாரும் கேட்கவில்லை.

நான்காவது வீட்டில் ஒரு பெண், ஏழு மாதம். குழுவில் வந்த ஒரு ஆடியோவைக் கேட்டுவிட்டு, "அண்ணா, பிரசவம் வரைக்கும் அம்மா வீட்டுக்கே போயிடட்டுமா" என்று என்னிடம் கேட்டாள். டவருக்கு இன்னும் ஒரு போல்ட்கூட வரவில்லை. அவள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. அந்த ஆடியோவை அனுப்பியவருக்கு நல்லெண்ணம்தான், எனக்குத் தெரியும், ஆனால் அது அவளை என்ன செய்தது என்பதையும் பார்த்தேன். 2007-ல் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். டவர் அலை பட்டாலே தலைவலிக்கிறது என்று சொல்பவர்களை உட்காரவைத்து, "இப்போது ஆன் செய்கிறோம்" என்று சொன்னபோது அவர்களுக்கு நிஜமாகவே உடம்பு படுத்தியது. சொல்லாமல் ஆன் செய்தபோது ஆனா ஆஃபா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தலைவலி பொய் இல்லை. அதைக் கொண்டுவந்தது பயம். அந்தப் பயத்தை நாம்தான் வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இப்போது ஜெனரேட்டருக்கு வருகிறேன். 2012 ஜூனில் அதே புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை முதல் பட்டியலில் சேர்த்தது. "சாத்தியம்" என்ற வார்த்தையெல்லாம் அங்கே கிடையாது, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்றே உறுதியாகச் சொல்லும் பட்டியல் அது. புகையிலையும் கல்நாரும் இருக்கிற பட்டியல். டவர் வந்தால், கரண்ட் போகும்போது ஓடுவதற்குப் பல இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் கூடவே வருகிறது.

என் சொந்தக்காரர் வீட்டுப் பக்கத்தில் ஒரு டவர் இருக்கிறது. ஜெனரேட்டரைச் சுற்றுச்சுவரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். புகைக்குழாய் அவர்கள் சமையலறை ஜன்னல் உயரத்துக்கு இருக்கிறது. மத்தியானம் கரண்ட் போனதும் அது உறுமி எழும், கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரும்புள்ளி விழும், அத்தை ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். ஜன்னல் கட்டையில் விரல் வைத்து இழுத்தால் மை மாதிரி ஒட்டுகிறது. பேரனுக்கு வீசிங். சொல்லிப் பார்த்தார்கள். இடத்துக்காரர் கம்பெனியைக் கேள் என்கிறார், கம்பெனி ஆள் பராமரிப்பு கான்டிராக்டரைக் கேள் என்கிறார், கான்டிராக்டர் போனை எடுப்பதில்லை. அந்தத் தெருவில் டவர் எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோதும் "கதிர்வீச்சு" என்றுதான் பேனர் கட்டினார்கள். கம்பெனி ஒரு தாளைக் கொண்டுவந்து கதிர்வீச்சு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று காட்டியது. போராட்டம் அத்தோடு முடிந்தது. புகை இன்றைக்கும் வருகிறது.

இத்தனைக்கும் விதி இருக்கிறது. புகைக்குழாய் கட்டடத்தின் உயரத்தைத் தாண்டிப் போக வேண்டும், 25 கேவிஏ திறன் கொண்ட ஜெனரேட்டர் என்றால் கட்டடத்துக்கு மேல் இன்னும் 1 மீட்டர். சத்தத்தை அடக்கும் கூடு இருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற விஷயம், டேப் வைத்து அளந்து காட்டலாம், எந்த அதிகாரியும் "ஆதாரம் இல்லை" என்று சொல்ல முடியாது.

நம் ஊருக்கு இது புதுப்பாடமும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் என்ன செய்தார்கள்? "நாத்தம் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாரும் கேட்கவில்லை என்றதும், 2004 வாக்கில் வாளியில் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். என்னென்ன ரசாயனம் என்று பெயரோடு வந்தது. அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் காற்றைப் பற்றி இவ்வளவு தெரிந்த கடலூர்க்காரர்கள், ஒரு டவர் என்றதும் எதையும் அளக்காமல் ஃபார்வர்டை நம்புவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, கட்டடம். டவர் வரப்போகிற வீடு பழைய வீடு. உப்புக்காற்றில் சன்ஷேடு காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது, தெருவில் நின்றே பார்க்கலாம். 2011 டிசம்பர் 30 தானே புயல் நமக்கும் பாண்டிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையேறியது. இந்தக் கரையில் அந்த மாடி மேல் அத்தனை எடையையும் உயரத்தையும் ஏற்றுகிறார்கள் என்றால், கட்டடம் தாங்கும் என்று சொல்லும் உறுதிச் சான்றிதழை யார் கொடுத்தது, வந்து பார்த்துக் கொடுத்தாரா, நகல் எங்கே? டவர் சாய்ந்தால் வாடகை வாங்குகிறவர் வீட்டு மேல் மட்டும் விழாது.

அதே தானே நேரத்தில் சிக்னல் இல்லாமல் நாம் பட்ட பாடும் மறந்துவிடக் கூடாது. பிள்ளை சென்னையில், அப்பா அம்மா இங்கே, உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் எத்தனை வீடு தவித்தது! அதனால் டவரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டவர் தூரமாகிச் சிக்னல் பலவீனமானால் போன் தன் சக்தியைக் கூட்டித்தான் அலையை அனுப்பும், அதைக் காதோடு ஒட்டிவைத்திருப்பது நாம்தான்.

அளப்பதற்கும் வழி இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு "தரங் சஞ்சார்" என்று ஒரு இணையதளம் தொடங்கியது. நம் பகுதியில் எந்தெந்த டவர், விதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் நாம் சொல்லும் இடத்தில் வந்து அளந்து அறிக்கை தருவார்கள் என்று ஏற்பாடு. வரம்பை மீறினால் கம்பெனிக்கு 10 லட்சம் வரை அபராதம். தெருவில் 40 வீடு இருந்தால் வீட்டுக்கு 100 ரூபாய்.

நான் அந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை. வேறு மனு ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். ஆன்டெனாவின் உயரமும் திசையும், எதிர்வீட்டு ஜன்னலுக்கான தூரம், கட்டட உறுதிச் சான்றிதழ் நகல், ஜெனரேட்டர் வைக்கும் இடம், புகைக்குழாய் உயரம், புகார் சொன்னால் பதில் சொல்லவேண்டிய ஆளின் பெயரும் நம்பரும். இவற்றை எழுத்தில் தரும்வரை வேலை தொடங்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் இருப்பேன், படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று தோன்றினால் கையெழுத்துப் போடுங்கள். வேறு ஊரில் யாருக்காவது நகல் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.